மூன்று லட்சம் ரூபாய்க் காது

நன்றாகப் பாடுகிறவர்கள் மைக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கிடைத்ததன் முன்னால் நின்று பாடிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுமாராகப் பாடுகிறவனுக்குத்தான் மைக் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. என் குரலில் கேட்கும் கரகரப்பு என் தொண்டையில் இல்லை, நான் பாடிய மைக்கில்தான் இருக்கிறது என்பது என் நெடுநாள் நம்பிக்கை. ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் அந்த நம்பிக்கைக்குப் பணபலமும் சேர்ந்துகொண்டது.

வடலூரில் குடியிருப்பவனுக்கு இந்த நோய் வராமல் இருந்தால்தான் அதிசயம். வள்ளலாரின் திருவருட்பா ஆறு திருமுறைகள், 5,800க்கும் மேற்பட்ட பாடல்கள். தெருவுக்கு ஒருவராவது அதைப் பாடுவார். தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டும்போது கூடியிருக்கும் ஜனத்திரள் முழுவதும் மகாமந்திரம் சொல்லும். அந்தக் கூட்டத்தில் யார் சுருதி பிசகினாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் இதுவரை வெற்றிகரமாகப் பாடிய ஒரே மேடை அதுதான்.

ஆகவே வீட்டிலேயே, என் சொந்தக் குரலில், அருட்பெருஞ்ஜோதி அகவலை முழுவதுமாகப் பதிவு செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். அகவல் 1,596 அடிகள். 1872 ஏப்ரல் 18 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் வள்ளலார் அதை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது மரபு. எழுதவே ஒரு ராத்திரி போதுமென்றால் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு மதியம், நடுவில் ஒரு காபி. வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். தணிக்கைக்குப் போகாமலே தள்ளுபடியான கணக்கு இது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த மைக்கெல்லாம் மைக் செட் மைக். அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்கும் காதுகுத்துக்கும் வருமே, அது. அதை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஊத வேண்டும். பிறகு “ஹலோ, ஒன், டூ, த்ரீ” சொல்ல வேண்டும். மூன்றுக்கு மேல் எண்ணியவரை நான் பார்த்ததில்லை. அது கீழே விழும், மழையில் நனையும், வெற்றிலை எச்சில் படும், மறுநாள் வேறு ஊரில் வேறு ஒருவருடைய “ஹலோ”வைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனர் மகன் வந்து சேர்ந்தான். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. சிதம்பரத்தில் ஒரு நாகசுரக் கச்சேரியைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பும் வழியில் அத்தை வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கினான். கையில் மூன்று பெட்டிகள். ஒன்றில் ஜெர்மனியின் நாய்மன் யூ 87 ஏஐ. இன்னொன்றில் ஆஸ்திரியாவில் பிறந்த ஏகேஜி சி 414. மூன்றாவதில் ஆஸ்திரேலியாவின் ரோட் என்டி1. முதல் பெட்டியின் விலை மூன்று லட்சத்தைச் சுற்றி என்றான். அதுவரை அந்தப் பெட்டியின் மீது என் பேத்தி உட்கார்ந்திருந்தாள்.

“மாமா, இதையெல்லாம் ஊதக் கூடாது, தட்டக் கூடாது” என்றான்.

“ஊதாம எப்படி மாப்ளே வேலை செய்யுதான்னு தெரியும்?”

“நீங்க மூச்சு விட்டாலே தெரியும் மாமா.”

மைக் செட் மைக் டைனமிக் வகை. உள்ளே காந்தமும் அதைச் சுற்றிக் கம்பிச் சுருளும். சத்தம் பட்டால் சுருள் அசையும், மின்சாரம் தானாக வரும். முரட்டு ஆசாமி. கன்டென்ஸர் அப்படியில்லை. தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, அதன் பின்னால் அசையாத தகடு ஒன்று, நடுவில் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஓர் இடைவெளி. படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடியைக் காட்டிலும் பல மடங்கு மெல்லியது. குரல் பட்டு அது அதிரும்போது தகட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடிக் குறையும். அந்தக் கூடுதல் குறைச்சலே மின் அலையாக வெளியே வரும். சுருளை இழுத்துக்கொண்டு அசைய வேண்டிய பாரம் இல்லாததால் மிகச் சின்னச் சத்தத்துக்கும் படலம் எழுந்து நிற்கும். இதற்கு வெளியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஃபாண்டம் பவர் என்று பெயர். மைக் கேபிள் வழியாகவே கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சேரும்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டம்மாவின் காதில் இத்தனையும் விழுந்ததில் ஒரு சொல்தான் தங்கியது.

“தங்கமா? எத்தனை கிராம்?”

“கிராமெல்லாம் இல்ல அத்தை. சும்மா பூச்சு.”

“பூச்சுக்கா மூணு லட்சம்?”

மூன்று லட்சத்துக்கு எத்தனை சிப்பம் அரிசி என்று அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டு, இருநூறு என்றாள். தள்ளுபடியாகாத கணக்கு.

நான் பேச்சைச் சரித்திரத்தின் பக்கம் திருப்பினேன். கன்டென்ஸர் மைக்கை 1916-இல் அமெரிக்காவில் வென்ட் என்ற விஞ்ஞானி உருவாக்கினார். 1928-இல் பெர்லினில் கியோர்க் நாய்மன் கம்பெனி தொடங்கினார். 1949-இல் அங்கிருந்து யூ 47 வந்தது. ஃபிராங்க் சினாட்ரா அதன் முன்னால் நின்றார். பீட்டில்ஸ் குழுவும் அந்த மைக் குடும்பத்தின் முன்னால்தான் பாடியது. அதன் இதயம் டெலிஃபங்கன் செய்த ஒரு வால்வு. அவர்கள் அந்த வால்வைச் செய்வதை நிறுத்திய பிறகு மைக்கும் நின்றுபோனது. 1960-இல் யூ 67, 1967-இல் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரோடு யூ 87, 1986-இல் அதன் இப்போதைய அவதாரம் ஏஐ. வயதில் யூ 87 எனக்குத் தம்பி. சம்பாத்தியத்தில்தான் அண்ணன். ஏகேஜியும் குறைந்த குலமில்லை. 1947-இல் வியன்னாவில் தொடங்கி, 1953-இல் சி 12 என்ற மைக்கால் பெயர் வாங்கிய வம்சம்.

இவர்கள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே நம்மூர் நாடக மேடைகளில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் எந்த வோல்ட்டும் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் பாடிக் கேட்க வைத்தார்கள். இதை வீட்டம்மா ஞாபகப்படுத்தினாள். நான் கேட்காதது போல் இருந்தேன்.

ஒப்பீடு தொடங்கியது. முதலில் சொந்த இரைச்சல். எந்த மைக்கும் யாரும் பேசாதபோது தனக்குத்தானே லேசாக ‘உஸ்’ என்று கொண்டிருக்கும். அதை டெசிபலில் அளந்து பெட்டியோடு வரும் தாளில் அச்சடித்திருப்பார்கள். விலை ஏற ஏற இரைச்சல் குறையும் என்று எந்தக் குடும்பஸ்தனும் நினைப்பான். தாளைப் பார்த்தேன். விலை குறைந்த என்டி1-க்கு வெறும் 4 டெசிபல். சி 414-க்கு 6. மூன்று லட்சம் யூ 87-க்கு 12.

“மாப்ளே, காசு கூடக் குடுத்தா சத்தமும் கூடத் தருவானா?”

“அந்த மைக்கை இரைச்சலுக்காக யாரும் வாங்கறதில்ல மாமா. குரலோட நடுப்பகுதியை அது காட்டுற விதத்துக்காக வாங்கறாங்க. பாட்டோட மத்த வாத்தியம் சேர்ந்தாலும் குரல் முன்னாடி வந்து நிக்கும்.”

என் குரல் முன்னால் வந்து நிற்பது குரலுக்கு நல்லதா, கேட்பவருக்கு நல்லதா என்று அவன் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து எங்கள் கூடத்தின் சத்தத்தை அளந்து காட்டினான். மின்விசிறி ஓடும்போது 45 டெசிபலைத் தொட்டது. கிரைண்டரைப் போட்டதும் அளவுகோல் துள்ளியது. 45-இல் உட்கார்ந்துகொண்டு 4-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கப் புறப்பட்டிருக்கிறேன் என்பது புரிந்தது. ஆனாலும் மூன்று லட்சத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மனம் வரவில்லை.

அடுத்தது திசை. யூ 87 மூன்று விதமாகக் கேட்கும். சி 414 ஒன்பது விதமாகக் கேட்கும். என்டி1-க்குத் தெரிந்தது கார்டியாய்டு என்ற ஒரே விதம்: முன்னால் வருவதை முழுசாகக் கேட்கும், முதுகுக்குப் பின்னால் வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். எட்டு வடிவம் என்று ஒன்று உண்டு. முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. எதிரும் புதிருமாக இருவர் நின்று பாடத் தோதானது. ஓம்னி என்பது எங்கள் வீட்டம்மாவின் காது. எந்தத் திசையில் எந்த அறையில் எவ்வளவு மெல்லப் பேசினாலும் ஒரே அளவில் விழும்.

கார்டியாய்டுதான் நமக்கு என்று முடிவாயிற்று. சத்தம் வரும் பக்கம் மைக்கின் முதுகைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம்? கிழக்கே திருப்பினால் மேற்கே கிரைண்டர். மேற்கே திருப்பினால் கிழக்கே நான்குமுனைச் சந்திப்பு. கும்பகோணம் பஸ்ஸும் கடலூர் பஸ்ஸும் விருத்தாசலம் பஸ்ஸும் பண்ருட்டி பஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஹாரனில் நலம் விசாரிக்கும் இடம். தெற்கே பக்கத்து வீட்டு மோட்டார். வடக்கே திருப்பினால் நான் எங்கே நிற்பது என்ற கேள்வி வந்தது. மைக்கின் முதுகுப் பக்கம் நின்று பாடினால் பதிவு சுத்தமாக இருக்கும் என்று வீட்டம்மா யோசனை சொன்னாள்.

பிறகு நெருக்கம். கார்டியாய்டு மைக்கின் வாயருகே போகப் போக அடிக்குரல் கனத்துக்கொண்டே வரும். இது மைக்கின் இயற்பியல், பாடகரின் சாதனையில்லை. இதை அவன் பிறகுதான் சொன்னான். அதற்குள் நான் நாலு விரற்கடை தூரத்தில் நின்று, ஹெட்போனில் என் குரலைக் கேட்டு, இத்தனை வருஷம் உலகம் என்னை அறியாமல் போயிற்றே என்று உருகிக்கொண்டிருந்தேன்.

“சளி பிடிச்சிருக்காங்க?” என்றாள் வீட்டம்மா.

பக்கத்தில் நின்றால் இன்னொரு வம்பு. ‘ப’ வரும்போது உதட்டிலிருந்து புறப்படும் காற்று படலத்தில் மோதி ‘டப்’ என்று வெடிக்கும். வேறு எந்தப் பாட்டாக இருந்தாலும் சமாளிக்கலாம். நான் எடுத்துக்கொண்டது, பெயரிலேயே ஓர் அழுத்தமான ‘பெ’ வைத்திருக்கும் அகவல். அந்தப் பெயர் அதில் திரும்பத் திரும்ப வேறு வரும். என் பேத்தியின் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியைக் கட்டி நடுவில் நிறுத்தினான். வெடி அடங்கியது. அடுத்து ‘ச’ கிளம்பியது. ஸ்டுடியோ கன்டென்ஸர்கள் பலவற்றில், குரல் தெளிவாக இருக்கட்டும் என்று மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள். மைக் செட் மைக்கில் ஒருநாளும் தெரியாத என் பல் செட், அதில் சன்னமாக விசிலடித்தது. சற்றே விலகி, மைக்கின் பக்கவாட்டைப் பார்த்துப் பாடச் சொன்னான். சுவரைப் பார்த்து அகவல் வாசித்தேன்.

ஒருவழியாக மூன்று மைக்கிலும் ஒரே பகுதியைப் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினான். நடுவர்கள்: வீட்டம்மா, பேத்தி, எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முடிவு அறிய நான் பரீட்சை எழுதிய பையனைப் போல் நிற்கவில்லை. மகனின் பரீட்சை முடிவுக்கு நிற்கும் தகப்பனின் கம்பீரத்தோடுதான் நின்றேன்.

“முதல்ல வந்தது வெங்காய வண்டி வந்த நேரம்” என்றாள் வீட்டம்மா. “அஞ்சு கிலோ நூறு ரூபாய்னு சொன்னானே.”

“ரெண்டாவதுல ரயில் போவுது தாத்தா” என்றாள் பேத்தி. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் தண்டவாளம் எங்களுக்கு அதிகத் தூரமில்லை.

தலைமையாசிரியர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, நெடுநேரம் கேட்டார். “மூன்றாவதில் அந்தக் குயில் பிரமாதம் சார். என்ன சுத்தம்! அது எந்த மைக்?”

அது யூ 87. குயிலுக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. மூன்று பதிவுகளையும் மூவரும் ஒரு தவறில்லாமல் அடையாளம் கண்டார்கள், எல்லாம் பின்னணியை வைத்து. முன்னணியில் பாடியவனைப் பற்றி அவையில் பேச்சே எழவில்லை. இதில் என் வயிற்றெரிச்சல் வெங்காய வண்டி மீதுதான். அந்த வண்டிக்காரர் என்ன மைக்கில் பதிவு செய்தாரோ, ஓர் எழுத்து விடாமல் தெரு முழுக்க விளங்குகிறது.

“நல்ல மைக்னா எல்லாத்தையும் கேட்கும் மாமா. உங்களை மட்டும் கேட்கணும்னு சொன்னா அது மைக்கு இல்ல” என்று தேற்றினான் மைத்துனர் மகன். இன்னொரு செய்தியும் சொன்னான். 1982-இல் வந்து உலகமெல்லாம் விற்றுத் தீர்ந்த மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ இருக்கிறதே, அதில் அவர் குரலின் பெரும்பகுதியைப் பதிவு செய்தது ஷூர் எஸ்எம்7. அது கன்டென்ஸரே அல்ல; நம் மைக் செட் மைக்கின் ஜாதியான டைனமிக். நான் ஆறுதலோடு கேட்டேன். வீட்டம்மா வேறுவிதமாகக் கேட்டாள்: “அப்ப மைக்கேல் ஜாக்சனுக்கே மூணு லட்சம் தேவைப்படல.”

அசல் குற்றவாளி எங்கள் வீடு. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் தளம் போட்டு, தரைக்கும் சுவருக்கும் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய வீடு. பாடினால் குரல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து மைக்கில் இரண்டாம் முறை விழுகிறது. அருமையான கன்டென்ஸர் அதையும் அருமையாகப் பதிவு செய்கிறது. மைக்கை மாற்றுவதற்கு முன்னால் அறையை மாற்று என்றான். இலவம் பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம். கல்யாணத்துக்கு வாங்கிய ஜமக்காளம் தரைக்கு வந்தது. ஜன்னலில் போர்வை. முதுகுக்குப் பின்னால் பீரோவைத் திறந்து வைத்தால், உள்ளே தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சுமாம்.

இந்த இடத்தில் வீட்டம்மாவுக்கு ஒலிப்பதிவுத் துறையில் முதல்முறையாக அக்கறை பிறந்தது.

“பருத்திச் சேலை நல்லா உறிஞ்சுமா, பட்டு நல்லா உறிஞ்சுமா?”

“கனமா, நிறைய இருந்தா நல்லது அத்தை.”

“அப்ப பட்டுதான்” என்றாள் என்னைப் பார்த்து. “பீரோவுல இருக்கிறது போதாது.”

அறையும் ஆளும் அடைத்தாயிற்று. மின்விசிறியை நிறுத்தினோம். கத்திரி வெயிலில், போர்வை போர்த்திய ஜன்னலுக்குள், மெத்தைகளுக்கு நடுவில் நின்று, பல் செட்டைச் சமாளித்தபடி, சுவரைப் பார்த்து அகவல் வாசித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், வள்ளலார் ஏன் இரவு நேரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று. ஈரக்காற்றுக்கும் வியர்வைக்கும் கன்டென்ஸர் மைக் ஆகாது. படலத்தில் ஈரம் படிந்தால் ‘படபட’வென்று பொரியும். என்னை நிறுத்திவிட்டு மைக்குக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டி. எனக்கு ஒரு டம்ளர் நீர்மோர்.

ஆனால் அந்த அறைக்குள் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டபோது மூன்று மைக்குகளும் நிஜமாகவே வேறு வேறாகத் தெரிந்தன. என்டி1 சுத்தமாக, சற்றே பளிச்சென்று. சி 414 கூட்டாமல் குறைக்காமல். யூ 87-இல் குரலுக்கு ஓர் உடம்பு இருந்தது. அந்த உடம்புக்கு வயதாகிவிட்டது என்பதையும் அது மறைக்கவில்லை.

ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர், மின்விசிறி நான்கையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் அதிகாரம் எந்த வீட்டிலும் எந்த ஆண்பிள்ளைக்கும் கிடையாது. அந்த அதிகாரம் இருப்பது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு மட்டும்தான். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை தெருவே மூச்சடக்கிக் கிடக்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்; அதில் செருகும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் அந்த மின்சாரத்திலேயே 48 வோல்ட்டையும் தந்துவிடும். இப்போதெல்லாம் பத்திரிகையில் மற்றவர்கள் முகம் சுளித்துப் படிக்கும் மின்தடை அறிவிப்பை நான் கச்சேரி அறிவிப்பாகப் படிக்கிறேன். அகவல் அந்த நாட்களில் மட்டும் வளர்கிறது. பெட்டிகள் சென்னைக்குப் போய்விட்டன. என்னிடம் இருப்பது அந்த 4 டெசிபல்காரர்.

மைக் வாங்க நினைக்கும் குடும்பஸ்தர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். ஒரே குரல், வீட்டு அறை, மெத்தை இருக்கிறது என்றால் என்டி1 வகை தாராளம். வீணை, மிருதங்கம், நாலு பேர் பஜனை என்று மாறி மாறிப் பதிவு செய்வீர்கள் என்றால் சி 414-இன் ஒன்பது திசையும் உதவும். குரலே உங்கள் தொழில், அறையும் அடக்கமாகத் தயாராகிவிட்டது என்றால் யூ 87 கொடுத்த காசுக்கு உழைக்கும். சந்திப்பை ஒட்டி வீடு, எதையும் மூட முடியாது என்றால் நல்ல டைனமிக் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு பாடுங்கள். எதை வாங்கினாலும் வரிசை மாறக் கூடாது: முதலில் அமைதி, பிறகு அறை, பிறகு சாதகம், கடைசியில் மைக்.

இத்தனைக்கும் பிறகு கையில் மூன்று லட்சம் அப்படியே மிச்சமிருந்தால் வடலூருக்கு வாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்து வருகிறவர்களுக்கு அங்கே சோறு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இருநூறு சிப்பம் அரிசி இறக்கலாம். கணக்கு எங்கள் வீட்டம்மாவுடையது, தைரியமாக நம்பலாம்.